அந்த மஞ்சள் விளக்கின் மேல் டேப் ஒட்டியவன் நான்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கும், உங்களுக்கு இருக்காது என்று தெரியும். ஆனாலும் கார் வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். என் குடும்பத்தார் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். பாதியில் விட்டால் நான் எழுதியதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

என்னுடைய கார் 2013ஆம் வருஷத்து வண்டி. அப்போதெல்லாம் எல்லாக் காரிலும் ஏபிஎஸ் வராது. புதிதாக அறிமுகமாகும் கார்களுக்கு 2018 ஏப்ரலிலும், விற்பனையில் இருந்த மற்ற மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும்தான் அது கட்டாயமானது. நான் வாங்கியபோது ஏபிஎஸ் வேண்டுமென்றால் மேல் வேரியன்ட் எடுக்க வேண்டும். இயற்பியல் வாத்தியார் அல்லவா, உராய்வைப் பற்றி முப்பது வருஷம் பாடம் நடத்திவிட்டு அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கூடுதல் பணம் கட்டி வாங்கினேன். அந்தப் பெருமையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் மே மாதம் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தது. காலையில் வண்டி எடுத்தால் எரியாது. மத்தியான வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் வந்துவிடும். சாயந்திரம் மறுபடி காணாமல் போகும். ஒரு மாதத்தில் காலை, மாலை என்ற பேதமெல்லாம் போய் நிரந்தரமாக எரிய ஆரம்பித்துவிட்டது.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனரை மாட்டிப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சுங்க சார். மொத்தமா மாத்தணும். 52,000 ரூபாய், லேபர் தனி" என்றார்கள். யூனிட்டில் எது போனது என்று கேட்டேன். "அதெல்லாம் பிரிச்சுப் பார்க்க மாட்டோங்க சார், செட்டாத்தான் வரும்" என்றார்கள். வண்டியை இன்றைக்கு விற்றால் வரும் தொகையில் நாலில் ஒரு பங்கு அது.

அடுத்து ஊருக்குள் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சொன்னது என் காதுக்கு இனிப்பாக இருந்தது. "பிரேக் நல்லாத்தானே புடிக்குது சார்? அம்பாசடர்ல ஏது ஏபிஎஸ்? லைட்டு கண்ணை உறுத்துச்சுன்னா மறைச்சு விட்டுடலாம்." எலக்ட்ரிக்கல் வேலைக்கு வைத்திருந்த கறுப்பு டேப்பில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அதை அவர் ஒட்டவில்லை. நான்தான் ஒட்டினேன்.

பிறகு நானே அதை மறந்துவிட்டேன். மறப்பதற்காகத்தானே ஒட்டினேன்.

அக்டோபரில் என் அண்ணன் மகள், அண்ணியைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக என் காரை எடுத்துப் போனாள். நல்ல மழை. பவானி தாண்டி ஹைவேயில் முன்னால் போன டெம்போ திடீரென்று நின்றது. இவள் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தியிருக்கிறாள், ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்திருக்கிறாள். வண்டி திரும்பவில்லை. நேராக வழுக்கிக்கொண்டு போய் டெம்போவின் பின்மூலையில் இடித்து நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணிக்கு வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று ராத்திரி வீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், நீங்களும் இருந்தீர்கள். ஆளுக்கொன்று சொன்னோம். மழையில் என்ன வேகம் என்றார் ஒருவர். பொம்பளைப் பிள்ளைக்கு ஹைவே எதுக்கு என்றார் இன்னொருவர். அவள் அழுதுகொண்டே ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "சித்தப்பா, நான் ஸ்டியரிங்கை ஒடிச்சேன். வண்டி வரவே இல்லை."

அந்த அறையில் இருந்தவர்களில் அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது பாடம். பத்து நிமிஷம் பழைய வகுப்பறைக்கு வாருங்கள்.

உருண்டு ஓடும் டயரில், தரையைத் தொடும் பகுதி அந்த நொடிக்குத் தரையின் மேல் நழுவுவதில்லை. அங்கே வேலை செய்வது நிலை உராய்வு. பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவிட்டால் டயர் தரையில் தேய்ந்து நழுவும். அப்போது வேலை செய்வது இயக்க உராய்வு. இரண்டாவது முதலாவதைவிடக் குறைவு என்று பதினோராம் வகுப்பில் படித்தீர்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பூட்டிப்போன முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வண்டி தான் போய்க்கொண்டிருந்த திசையில்தான் நழுவும். சக்கரம் உருண்டால்தான் ஸ்டியரிங்குக்கு மரியாதை.

ஏபிஎஸ் செய்வது இவ்வளவுதான். நாலு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை ஒரு வால்வு குறைக்கும், மறுபடி கூட்டும். ஒரு நொடியில் இது பலமுறை நடக்கும். காலுக்கடியில் பெடல் தடதடவென்று உதறுவது அதனால்தான். முதலில் விமானச் சக்கரங்களுக்கு வந்த யோசனை இது. மின்னணு முறையில் 1978இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. வண்டியைக் குறைந்த தூரத்தில் நிறுத்துவதற்காக மட்டும் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மணலிலும் ஜல்லியிலும் ஏபிஎஸ் உள்ள வண்டி கொஞ்சம் தள்ளிக்கூட நிற்கலாம். பிரேக்கை மிதித்தபடியே வண்டியைத் திருப்ப முடியும் என்பதுதான் அதன் பெரிய உபகாரம்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் பிரேக்கே போய்விட்டது என்று பொருள் இல்லை. சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் பலத்தைப் பங்கு போடும் ஈபிடி என்ற வேலையையும் பெரும்பாலான வண்டிகளில் அதே யூனிட்தான் பார்க்கிறது. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அதுவும் நின்றிருக்கலாம், அல்லது பிரேக் ஆயிலே குறைந்திருக்கலாம். அப்போது வண்டியை ஓரம்கட்டிவிட வேண்டும், யோசிக்கவே கூடாது.

"அம்பாசடரில் ஏது ஏபிஎஸ்" என்ற கேள்விக்கு என் பதில் இது. அம்பாசடர் ஓட்டியவருக்குத் தன் வண்டியில் ஏபிஎஸ் இல்லை என்று தெரியும். மழையில் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பார், இடைவெளி விடுவார். ஏபிஎஸ் இருக்கிறது என்று நம்பி ஓட்டுபவருக்கு நாம் சொல்லிக்கொடுப்பது வேறு: "பம்ப் பண்ணாதே, அழுத்திப் பிடி, ஸ்டியரிங்கைத் திருப்பு." என் அண்ணன் மகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். நான் சொன்னதை அவள் அப்படியே செய்தாள். வண்டிதான் நான் சொன்ன வண்டியாக இல்லை.

ஏபிஎஸ் வேலை செய்திருந்தால் இடித்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஈர ரோடு, குறைந்த இடைவெளி. ஆனால் அவள் ஒடித்த ஸ்டியரிங்கை வண்டி கேட்டிருக்கும். அதை வாத்தியாராகவே சொல்கிறேன்.

இனி ரிப்பேர் கதை.

பம்பரை டிங்கரிங் பார்த்து வாங்கிய பிறகும் அந்த டேப் அப்படியே இருந்தது. ஜனவரியில் மனசு தாங்காமல் என் பழைய மாணவன் ஒருவனைத் தேடிப் போனேன். பதினோராம் வகுப்பில் என் பாடத்தில் தேறாதவன். கடைசி பெஞ்ச். பெயர் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். இன்று சேலத்தில் ஒரு சந்துக்குள் வண்டிகளின் எலக்ட்ரானிக் மாட்யூல் பழுதுபார்க்கிறான். சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமிருந்து லாரிக்காரர்களும் ரிக் வண்டிக்காரர்களும் அவனைத் தேடி வருகிறார்கள்.

உள்ளே உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சார், இந்த டேப் யாரு ஒட்டினது?"

"நான்தான்ப்பா."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நகத்தால் கிள்ளி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

உடனே மாட்யூலைக் கழற்றுவான் என்று நினைத்தேன். தொடவே இல்லை. முதலில் பேட்டரி வோல்டேஜ். பிறகு ஏபிஎஸ் ஃப்யூஸ்கள். பிறகு எர்த் ஒயர். பிறகு நாலு சக்கரத்திலும் சென்சார், அதற்குப் போகும் ஒயர், சென்சார் படிக்கும் பல்வளையத்தில் சேறு அடைத்திருக்கிறதா என்பது. "பாதி வண்டிக்கு இங்கேயே முடிஞ்சிடும் சார். எலி கடிச்ச ஒயருக்கு யூனிட் மாத்தினவங்க இருக்காங்க" என்றான். என் வண்டியில் அதெல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேனரில் பம்ப் மோட்டார் சர்க்யூட் பழுது என்று வந்தது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ரீடர்கள் பெரும்பாலும் இன்ஜின் பழுதை மட்டும்தான் காட்டும். ஏபிஎஸ்ஸைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் பானெட்டுக்குள் கைவைத்தான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டான். ஏபிஎஸ் யூனிட் மூன்று பகுதி சேர்ந்தது. நடுவில் ஓர் அலுமினியக் கட்டி. அதற்குள்தான் வால்வுகளும் பிரேக் ஆயிலும். என் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து இரண்டு பைப் அதற்குள் வருகிறது, நாலு சக்கரத்துக்கு நாலு பைப் போகிறது. ஒரு பக்கம் பம்ப் மோட்டார். மறுபக்கம் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. அதுதான் கட்டுப்பாட்டு மாட்யூல்.

என் வண்டியில் அந்த மாட்யூலை மட்டும் தனியாக எடுக்க முடிந்தது. கப்ளரின் லாக்கைத் தூக்கி ஒயரைப் பிரித்தான். நட்சத்திரத் தலை உள்ள சிறிய ஸ்க்ரூக்கள், அதற்குரிய பிட்டைப் போட்டுக் கழற்றினான். தலை மழுங்கிவிட்டால் பெரிய தொந்தரவு என்று ஒவ்வொன்றுக்கும் பிட்டை அழுத்தி உட்காரவைத்தான். பிறகு பெட்டியை ஆட்டாமல், முறுக்காமல் நேராக இழுத்தான். வால்வுகளின் தண்டுகள் மாட்யூலில் இருக்கும் காயில்களுக்குள் நுழைந்து நிற்கின்றன. கோணலாக இழுத்தால் காயிலோ மோட்டாருக்குப் போகும் பின்னோ போய்விடும். பிரேக் பைப் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதனால் காற்றுப் புகவில்லை, பிளீடிங் தேவைப்படவில்லை. திறந்து நின்ற பக்கத்தைத் துடைத்து, தூசியும் தண்ணீரும் படாமல் பிளாஸ்டிக் கவரால் கட்டினான். "வண்டி இங்கேயே நிக்கட்டும், யாரும் நகர்த்த வேண்டாம்" என்று பையன்களிடம் சொன்னான்.

எல்லா வண்டியிலும் இப்படி முடியாது. சிலவற்றில் ஸ்க்ரூவுக்குக் கை எட்டாது, மொத்த யூனிட்டையும் இறக்க வேண்டும். அப்போது பைப்புகளைக் கழற்றி உடனே மூட வேண்டும், திரும்ப மாட்டியதும் பிளீடிங் செய்ய வேண்டும். சில வண்டிகளில் ஸ்கேனர் மூலமாகப் பம்பை ஓட்டித்தான் காற்றை வெளியேற்ற முடியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். யூடியூப் பார்த்து வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை இது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். நீங்களே கழற்ற வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. கழற்றுகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

பெட்டியின் மூடியை ஓரமாக அறுத்துத் திறந்தான். லென்ஸில் காட்டினான். மோட்டாருக்குக் கரண்ட் போகும் பின்னைச் சுற்றி ஈயப் பற்றில் முடி போல ஒரு வட்ட விரிசல். சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, பன்னிரண்டு வருஷம் இன்ஜின் அதிர்வில் ஆடியது. விரிசல் சின்னதாக இருந்தபோதுதான் வெயிலில் மட்டும் தொடர்பு விட்டிருக்கிறது. மே மாதத்தில் அந்த விளக்கு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். வெப்ப விரிவை நடத்தியவன் நான். புரிந்துகொண்டு சம்பாதிப்பவன் அவன்.

பழைய ஈயத்தை எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தான். மற்ற இணைப்புகளையும் பார்த்தான். தண்ணீர் புகாதபடி மூடியை ஒட்டினான். எல்லா மாட்யூலுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது என்றும் சொன்னான். சிலவற்றில் பீங்கான் தகட்டின் மேல் மெல்லிய அலுமினியக் கம்பிகள் இருக்கும். சாதாரண சால்டரிங் அங்கே ஒட்டாது, அதற்குத் தனி மெஷின் வேண்டும். "அந்த மாதிரி வந்தா நான் தொடமாட்டேன் சார், முடியாதுன்னு சொல்லி அனுப்பிடுவேன்" என்றான். முடியாது என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் நான் நம்புவேன்.

பழைய மார்க்கெட்டில் வேறு மாட்யூல் வாங்கி மாட்டினால் மலிவாக இருக்குமே என்றேன். நம்பர் பொருந்த வேண்டும், பல மாட்யூல்களில் அந்தந்த வண்டியின் விவரம் பதிவாகி இருக்கும், மாற்றினால் கோடிங் செய்ய வேண்டும் என்றான். சொந்த மாட்யூலையே சரிசெய்தால் அந்தச் சிக்கல் இல்லை.

மாட்டியபின் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு, ஆளில்லாத மண்ரோட்டில் என்னை ஓட்டச் சொன்னான். இருபது கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பிரேக் போட்டேன். பெடல் உதறியது. மொத்தச் செலவு 7,500 ரூபாய்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மறுப்பவர்கள் கமெண்டில் தாராளமாக மறுக்கலாம்.

ஒன்று. பிரேக் சம்பந்தப்பட்டதை ரிப்பேர் செய்யவே கூடாது, புதிது மட்டும்தான் மாட்ட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. அரைகுறை ரிப்பேர் ஆபத்துதான். ஆனால் 52,000 என்று சொன்னால் என்னைப் போன்ற பென்ஷன்காரர் புதிது வாங்குவதில்லை, டேப் வாங்குகிறார். நல்ல ரிப்பேருக்கு வழி இல்லாத இடத்தில்தான் கள்ள வழி பிறக்கிறது. எது பழுது என்று பிரித்துச் சொல்வதும், மாட்யூலைத் தனியாக விற்பதும், பழுதுபார்க்கும் விவரங்களை வெளியே கொடுப்பதும் கம்பெனிகளின் கடமை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் உண்டு. அதை நாம் பயன்படுத்தி, கேள்வி கேட்டால்தான் அது வளரும்.

இரண்டு. எச்சரிக்கை விளக்கை மறைக்கும் வேலையை எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடாது, எந்த உரிமையாளரும் கேட்கக்கூடாது. பழைய கார் வாங்கப் போகும் பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டு ஆன் செய்ததும் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. அணையாமல் எரிந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள், யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம்.

மூன்று. உங்கள் வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது அதன் குறையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஹேண்ட்பிரேக் சரியில்லை, ஒரு டயர் தேய்ந்திருக்கிறது, ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

கடைசியாகக் குடும்பத்தாருக்கு.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணன், அண்ணி, பிள்ளை மூவரையும் உட்காரவைத்து இதைச் சொன்னேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி கொஞ்ச நேரம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அவளைத் திட்டினது நாலு பேர் முன்னாலங்க தம்பி. இதையும் நாலு பேர் முன்னால சொல்லிடுங்க" என்றார். அதனால்தான் இந்தப் பதிவு.

அவள் எட்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். தனக்கு ஓட்டத் தெரியாது என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அது மணிக்கட்டு விரிசலைவிடப் பெரிய விரிசல்.

கண்ணு, நீ சரியாகத்தான் ஓட்டினாய். பிரேக்கைச் சரியாகப் பிடித்தாய், ஸ்டியரிங்கைச் சரியான பக்கம் திருப்பினாய். தப்பு என் கையில் இருந்தது. அன்றைக்கு நீ சொன்னதை ஒருவன் மட்டும் புரிந்துகொண்டான், அவன் வாயை மூடிக்கொண்டான். மன்னித்துவிடு.

கார் சாவி என் வீட்டு முன்னறை ஆணியில் தொங்குகிறது. விளக்கு சில நொடி எரிந்து அணைகிறது, தினமும் காலையில் பார்க்கிறேன். நீ எப்போது வந்தாலும் சரி. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறேன், அறிவுரை எதுவும் சொல்லமாட்டேன்.

மற்றவர்கள் நாளைக் காலையில் வண்டியில் சாவியைப் போட்டதும் அந்த விளக்கை ஒரு தடவை பாருங்கள். பார்த்ததை இங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்